சம்பளம் குறைந்துவிட்டால்: உடனே தருவதா, அடுத்த மாதம் சேர்ப்பதா, முன்பணமாகக் கொடுப்பதா?

பத்துப் பதினைந்து பேர் வேலை செய்யும் இடத்தில் சம்பளக் கணக்குக்கென்று தனி ஆள் இருப்பதில்லை. பில்களையும் வரவு செலவையும் பார்க்கிறவரே மாதக் கடைசியில் வருகைப் பதிவேட்டை எடுத்து வைத்துக்கொண்டு சம்பளத்தையும் போடுகிறார். அங்கே ஒருவருக்குச் சம்பளம் குறைந்திருப்பது தெரியவந்தால் மூன்று வழிகள் பேசப்படும்: வித்தியாசத்தை உடனே தனியாகச் செலுத்துவது, அடுத்த மாதச் சம்பளத்தில் அரியர்ஸாகச் சேர்ப்பது, இப்போதைக்கு முன்பணமாகக் கொடுத்துப் பிறகு சரிக்கட்டுவது. கடைசியில் கைக்குப் போய்ச் சேரும் தொகை ஒன்றுதானே என்று மூன்றையும் சமமாகப் பார்ப்பவர்கள் உண்டு. ஆனால் தாமதத்தின் சுமை யார்மேல் விழுகிறது, ஏட்டில் யார் கடன்காரராகப் பதிவாகிறார் என்ற இரண்டு கேள்விகளையும் கேட்டுப் பார்த்தால் இவை சமமானவை அல்ல.

தவறு எவ்வளவு சாதாரணமாக நுழைகிறது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. 7 மணி 45 நிமிடம் வேலை செய்தவரின் நேரத்தைக் கணக்குத் தாளில் 7.45 என்று அடித்துவிடுகிறார்கள். கணினி அதை மணியின் தசமமாகவே எடுத்துக்கொள்ளும். சரியான எண் 7.75. நாளொன்றுக்கு 18 நிமிடம் காணாமல் போகிறது. 22 வேலை நாள்களில் அது 6 மணி 36 நிமிடமாகிறது. மணிக்கு 200 கூலி என்று கொண்டால் மாதம் 1,320 குறைகிறது. யாரும் ஏமாற்ற நினைக்கவில்லை, ஆனாலும் குறைந்தது குறைந்ததுதான்.

உடனே தனியாகச் செலுத்துவதன் பலம் எளிதில் புரியும்: வீட்டு வாடகையும் கடன் தவணையும் அடுத்த சம்பள நாள்வரை காத்திருப்பதில்லை. இதன் சிரமம் முழுவதும் கணக்கரின் பக்கம். வித்தியாசத் தொகைக்கும் வரி, சேமநிதி போன்ற பிடித்தங்களைப் பார்க்க வேண்டும். அதற்கென்று ஒரு துணைச் சம்பளச் சீட்டு தர வேண்டும். சம்பள மென்பொருள் இருந்தால் அதில் கூடுதல் பட்டியல் ஒன்றை ஓட்ட வேண்டும். அவசரத்தில் வங்கி வழியாகப் பணத்தை மட்டும் அனுப்பிவிட்டு ஏட்டில் ஏற்ற மறந்தால், ஆண்டுக் கடைசியில் வங்கிக் கணக்கும் சம்பளப் பதிவேடும் ஒத்துப்போகாது. இருந்தாலும் தவறு நிறுவனத்துடையது என்பதால் அந்தச் சிரமமும் நிறுவனத்தைச் சேர்ந்தது என்பதே முறை.

அடுத்த மாதம் சேர்ப்பது கணக்கருக்கு மிக வசதியானது. ஒரே பதிவு, பிடித்தமும் தானாகவே கணக்கிடப்படும். ஆனால் அந்த இடைக்காலத்தில் தொழிலாளி தன் முதலாளிக்கு வட்டியில்லாக் கடன் கொடுத்தவராகிறார். மாதந்தோறும் வருமானத்தைப் பார்த்து வரி பிடிக்கும் முறையுள்ள இடங்களில் இரண்டு தொகைகளும் ஒரே மாதத்தில் விழுவதால் அந்த மாதப் பிடித்தம் கூடிவிடக்கூடும். நிதியாண்டு இடையில் மாறினால் சிக்கல் இன்னும் பெருகும். தொகை சிறியது, சம்பள நாள் ஒரு வாரத்துக்குள் வருகிறது, சம்பந்தப்பட்டவரைக் கேட்டு அவரும் மனமொப்பினார் என்ற மூன்றும் சேர்ந்திருந்தால் இந்த வழியில் குறையில்லை. அப்போதும் சீட்டில் அது அடிப்படைச் சம்பளத்தோடு கலந்துவிடாமல், எந்த மாதத்துக்கு, எத்தனை மணி நேரத்துக்கு என்று தனி வரியாக வர வேண்டும்.

முன்பணமாகக் கொடுப்பதைத்தான் நான் முற்றிலும் மறுப்பேன். இரக்கத்தோடு செய்வதுபோல் தெரிந்தாலும், தனக்கு வரவேண்டியதைப் பெறும் ஒருவரை அது ஏட்டில் கடன் வாங்கியவராக்கிவிடுகிறது. கணக்கர் மாறினால் புதியவர் அந்த முன்பணத்தைப் பார்த்து அடுத்த சம்பளத்தில் பிடித்துவிடுவார். அதற்கு ஈடாகத் தொழிலாளிக்குத் தரவேண்டிய நிலுவையை முன்னவர் எழுதியிருக்காவிட்டால் அதே தொழிலாளி இரண்டாம் முறையும் இழக்கிறார்.

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1949-இல் ஏற்றுக்கொண்ட ஊதியப் பாதுகாப்பு உடன்படிக்கை, எண் 95, ஊதியம் ஒழுங்கான இடைவெளியில் தரப்பட வேண்டும் என்றும், சட்டமோ கூட்டு ஒப்பந்தமோ நடுவர் தீர்ப்போ வகுத்த வரம்புக்குள்தான் பிடித்தம் செய்யலாம் என்றும் சொல்கிறது. எத்தனை நாளுக்குள் திருத்த வேண்டும், எவ்வளவு காலம் பின்னோக்கிக் கேட்கலாம் என்பது நாட்டுக்கு நாடு வேறுபடுவதால் அதை அந்தந்தச் சட்டத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எந்த வழியில் தருவது என்பதைவிட அதிகம் தவறவிடப்படுவது, யாருக்கெல்லாம் தருவது என்ற கேள்வி. கேட்டவருக்கு மட்டும் திருத்திக் கொடுத்துவிட்டுப் பேச்சை முடிப்பது சிறிய இடங்களின் வழக்கம். ஆனால் 7.45 என்று அடித்த அதே கை மற்றவர்களின் நேரத்தையும் அப்படித்தான் அடித்திருக்கும். வாய் திறக்காதவருக்குப் பல மாதங்களாகக் குறைந்துகொண்டிருக்கும். ஆகவே தவறு எந்த மாதத்தில் நுழைந்தது என்று கண்டுபிடித்து, அன்றுமுதல் எல்லோருடைய கணக்கையும் புரட்டுவதே சரியான திருத்தம். ஒரு நாள் வேலைதான் கூடும். ஒருவர் மட்டும் தனியாகப் பணம் வாங்கினார் என்ற முணுமுணுப்பும் எழாது. இப்படிப் புரட்டும்போது வகுக்கும் எண்ணையும் பார்த்துவிடுவது நல்லது. மாதச் சம்பளம் 26,000 பெறுபவருக்கு 26 வேலை நாளால் வகுத்தால் நாளுக்கு 1,000, 30 நாளால் வகுத்தால் ஏறக்குறைய 867. சம்பளமில்லா விடுப்புக்குக் கழிக்கும்போது 26-ஐயும், ஓவர்டைம் தரும்போது 30-ஐயும் எடுக்கும் இடங்கள் இரண்டு பக்கமும் தொழிலாளிக்கே குறைக்கின்றன, அது பெரும்பாலும் யார் கண்ணிலும் படுவதில்லை.

கேட்கிறவர் பக்கத்தில், முதலில் நேரில் சொல்வதும் அன்றே இரண்டு வரி எழுதி அனுப்புவதும் ஒன்றுக்கொன்று மாற்று அல்ல. தேதி, மணி, சீட்டில் உள்ள எண், இருக்க வேண்டிய எண் ஆகியவை எழுத்தில் இருந்தால் கணக்கரின் வேலையும் பாதியாகும்.

சம்பளம் கூடுதலாகப் போய்விட்ட இடத்தில் இதே வேகத்தைக் காட்டக் கூடாது. குறைந்ததைத் தருவதற்கு ஒருவருடைய ஒப்புதலும் தேவையில்லை. கூடியதைத் திரும்பப் பெறுவதற்கு முன் தொகையை விளக்கி, சட்டம் அதற்கு இடமளிக்கிறதா என்று பார்த்து, தவணைக்கு எழுத்தில் சம்மதம் வாங்கி, ஒரு மாதச் செலவு முடங்காத அளவில் பிரித்துக் கழிக்க வேண்டும்.