பிஎச்பிபிபி: நல்ல மென்பொருள், ஆனால் காக்க வைக்கிறது

மாடித்தோட்டக்காரர்களுக்கான எங்கள் கருத்துக்களம் ஓடுவது பிஎச்பிபிபியில். தன்னார்வலர்கள் எழுதி இலவசமாகத் தரும் மென்பொருள். மலிவான ஹோஸ்டிங்கிலும், அதாவது பலர் பகிர்ந்துகொள்ளும் வாடகை சர்வரிலும் ஓடும், பழைய பதிவு ஒன்றுகூடத் தொலையாது. அந்த மரியாதை எனக்கு என்றைக்கும் உண்டு. என் கோபமெல்லாம் அதன் வேகத்தின் மேல்தான்.

பிஎச்பிபிபியின் 3.0 பதிப்பு வந்தது 2007 டிசம்பரில். 3.1 வந்தது 2014 அக்டோபரில். நடுவே கிட்டத்தட்ட ஏழு வருடம். ஊர் உலகமே கைபேசிக்கு மாறியது அந்த ஏழு வருடத்தில்தான். 3.0-இன் பக்கம் கைபேசித் திரைக்கு ஏற்ப மடங்காது. எழுத்து எறும்பு மாதிரி தெரியும். விரலால் பெரிதாக்கி, பக்கவாட்டில் நகர்த்தி நகர்த்திப் படிக்க வேண்டும். கத்தரியில் மாவுப்பூச்சி என்று கேட்க வருகிற அறுபது வயதுக்காரர் எத்தனை நாள் பொறுப்பார்? வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்விட்டார். அங்கே வேப்பெண்ணெய் எவ்வளவு, சோப்பு எவ்வளவு என்ற அதே கேள்விக்கு வாராவாரம் யாராவது முதலிலிருந்து பதில் சொல்கிறார்கள். எங்கள் களத்தில் அது தேடினால் கிடைக்கும்.

அந்தக் காலத்தில் கூடுதல் வசதி சேர்ப்பதும் பெரும்பாடு. மாட் என்று பெயர். இந்தக் கோப்பைத் திற, இந்த வரியைத் தேடு, அதற்குக் கீழே இதை ஒட்டு என்று ஒரு பட்டியல் வரும். அடுத்த அப்டேட்டில் கோப்பு மாறினால் மறுபடியும் ஒட்ட வேண்டும். 3.1-இல் எக்ஸ்டென்ஷன் முறை வந்து இந்தத் தலைவலி தீர்ந்தது. தனி ஃபோல்டரில் போட்டு, வேண்டாமென்றால் அணைத்துவிடலாம். அருமையான வேலை, மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் பழைய மாட் எதுவும் அதில் ஓடாது. எழுதியவர்களில் பலர் அதற்குள் வேறு வேலை பார்க்கப் போயிருந்தார்கள்.

எமோஜி விஷயமும் அப்படித்தான். 3.1-இல் ஒருவர் நீளமாக எழுதி, கடைசியில் ஒரு செடிப் படம் போட்டால் போதும், ஏற்க முடியாத எழுத்து இருக்கிறது என்று மொத்தப் பதிவையும் திருப்பி அனுப்பும். அது சரியாவதற்கு 2017 ஜனவரியில் 3.2 வரவேண்டியிருந்தது.

2020 ஜனவரியில் 3.3. அப்புறம் ஐந்து வருடம் போயும் அதற்குள்ளேயே சின்னச் சின்னத் திருத்தங்கள்தான். எழுதும் பெட்டியில் இன்னும் [b] மாதிரி சதுர அடைப்புக்குறிக் குறியீடுகள். தடித்த எழுத்து எப்படி வரும் என்று பார்க்க முன்னோட்டத்தை அழுத்த வேண்டும்.

டிஸ்கோர்ஸ் என்ற இன்னொரு கருத்துக்கள மென்பொருளுக்கு மாறலாமே என்பார்கள். அதை நாமே நடத்தத் தனி சர்வர் வேண்டும். சந்தா வாங்காத எங்களுக்கு அது கட்டாது.

பழைய களம் வைத்திருப்பவர்கள் 3.3-இல் தைரியமாக இருக்கலாம். 3.1, 3.2-இல் இருந்தால் பேக்கப் எடுத்துவிட்டு உடனே 3.3-க்கு ஏற்றுங்கள். புதிதாகத் தொடங்குபவர், சர்வருக்குச் செலவு செய்ய முடியுமென்றால் வேறு பாருங்கள்.