யானை வாங்கும் முன் முதுகைப் பாருங்கள்

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் தபால்தலை சேர்ப்பவர்கள் இதைப் படித்துவிட்டு அப்புறம் பணம் கொடுங்கள்.

1973இல் நம் தபால்துறை பழைய மினியேச்சர் ஓவியங்களை வைத்து நான்கு தபால்தலைகள் வெளியிட்டது. 20 பைசாவில் ராதை, 50 பைசாவில் நடனம், 1 ரூபாயில் ஒட்டகத்தின் மேல் காதலர்கள், 2 ரூபாயில் ஜைன் அல் ஆபிதீன் வரைந்த சங்கிலி யானை. மற்ற மூன்றும் என்னிடம் உண்டு. பாலக்கோடு பக்கம் கொல்லையில் புகுந்த யானையைப் பார்த்து வளர்ந்தவன் நான். ஆல்பத்தில்தான் யானை இல்லை.

போன மாதம் ஒருவர் போனில் அழைத்தார். "முத்திரை விழாத யானை இருக்குண்ணே, பின்பசை அப்படியே இருக்கு." கிருஷ்ணகிரி பேருந்து நிலையத்தில் சந்தித்தோம். கருப்பு அட்டை வைத்த பிளாஸ்டிக் உறைக்குள் தபால்தலை பளிச்சென்று இருந்தது. வெளியே எடுக்கப் போனேன். "கை பட்டா பசை போயிடும்ணே" என்றார். நியாயமாகத்தான் பட்டது. 1,200 ரூபாயை ஜிபேயில் அனுப்பினேன்.

வீட்டுக்கு வந்து இடுக்கியால் எடுத்துத் திருப்பினேன். கண்ணாடி போலப் பசை. 50 வருடப் பசை நம் ஊர் வெயிலையும் மழையையும் தாண்டி ஒரு பொட்டு பழுப்பு இல்லாமல் இருக்குமா? லென்ஸில் பார்த்தால் ஓரத்துப் பற்களின் நுனிவரை பசை ஏறி விறைத்து நிற்கிறது. தபால்துறைத் தாளுக்கு முதலில் பசை பூசி அப்புறம்தான் தனித்தனியாகக் கிழிக்கத் துளை போடுவார்கள், அந்தத் துளையில் கிழியும்போதுதான் பல் வரும். பல் நுனியில் அது அப்பிக்கொள்ளாது. கள்ளநோட்டு பார்க்கும் ஊதா விளக்கை மளிகைக் கடையில் வாங்கி அடித்தேன். யானையின் பின்னங்கால் பக்கம் வட்ட முத்திரையின் கால்வாசி மங்கலாகத் தெரிந்தது. ஒட்டிக் கழித்த தபால்தலையைக் கழுவி, புதுப்பசை தடவியிருக்கிறார்.

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். இந்த யானைக்கு அந்தக் கணக்கு செல்லாது. முத்திரை விழுந்தால் விலை படுத்துவிடும்.

திருப்பி அழைத்தேன். "நீங்க பார்த்துத்தானே வாங்கினீங்க?" என்றார். சரி, அதுவும் உண்மைதான், முன்பக்கத்தை மட்டும். அதற்குப் பிறகு போனை எடுக்கவில்லை. உறையைப் பிரிக்க விடாதவரிடம் வாங்காதீர்கள். தூரத்திலிருந்து வாங்கினால் பின்பக்கப் படம் கேளுங்கள்.

நேற்று என் நண்பர் ஒருவருக்கு அதே ஆள் ஒட்டகத்தின் படம் அனுப்பியிருக்கிறார். கருப்பு அட்டை, பிளாஸ்டிக் உறை, விலை 900.