ராதாநகரில் மாலை 6 மணிக்குச் சூரியனைத் தேடாதீர்கள்

ராதாநகர் கடற்கரை இருக்கும் அந்தமானின் ஹாவ்லாக் தீவில் டிசம்பரில் சூரியன் 5 மணியை ஒட்டி மறைந்துவிடும். அந்தமான் நமக்கு வெகு கிழக்கே இருக்கிறது, ஆனால் கடிகாரம் அதே இந்திய நேரம்தான், அதனால் விடிவதும் இருட்டுவதும் சென்னையைவிட முக்கால் மணி நேரம் முன்னால். ஊரிலேயே பெரிய ஆபீஸ் போட்டிருக்கும் ஒரு டிராவல்ஸ் எனக்கு வாட்ஸப்பில் அனுப்பிய பயணத் திட்டத்தில், மதியம் 2 மணிக்கு போர்ட் பிளேரில் படகு, மாலை 6 மணிக்கு ‘ராதாநகர் பீச் சன்செட்’ என்று கலர் கலராகப் போட்டிருந்தது. படகு போய்ச் சேரவே ஒன்றரை, இரண்டு மணி நேரம். அப்புறம் பெட்டியை ஓட்டலில் போட்டுவிட்டு, தீவின் மறுபக்கத்துக்கு பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் வண்டியில் போக வேண்டும். 6 மணிக்கு அங்கே என்ன தெரியும்? கும்மிருட்டு.

போன் போட்டுச் சொன்னேன். "மேடம், எல்லா கஸ்டமருக்கும் இதே பிளான்தான் மேடம், இதுவரைக்கும் யாரும் கம்ப்ளெய்ன்ட் பண்ணதில்ல" என்றார் அந்தப் பையன். சரி, எங்க அம்மாவுக்கு முட்டி வலி, அவங்களுக்கு எந்த பீச் சரிப்படும் என்று கேட்டால், "எல்லா பீச்சுமே நல்லா இருக்கும் மேடம்." இந்தப் பதிலைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. கடற்கரை என்ன சோப்பா, எதை எடுத்தாலும் ஒன்றுதான் என்று சொல்ல?

எங்கள் வீடு தண்டையார்பேட்டை. இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, நமக்குக் கடல் இருக்கிறது, மணல்தான் இல்லை. தெற்கிலிருந்து கடலோடு நகர்ந்து வரும் மணலைத் துறைமுகச் சுவர் மறித்துக்கொண்டது. மெரினா அகலமாகிக்கொண்டே போனது, ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கரை அரித்துக்கொண்டே வந்தது, கடைசியில் கருங்கல்லைக் கொட்டி வைத்தார்கள். அம்மா சின்ன வயதில் ஓடியாடிய மணல் இப்போது தண்ணீருக்குள் இருக்கிறது. இத்தனைக்கும் அவருடைய ஆசை பெரியது இல்லை, மணலில் உட்கார்ந்து அலையில் காலை நீட்ட வேண்டும், அவ்வளவுதான். அதற்குத்தான் இந்த முறை எல்லோரையும் கூட்டிக்கொண்டு அந்தமான் போகலாம் என்று கிளம்பினோம்.

நான் இப்போது இருக்கும் இங்கிலாந்தில், கார்ன்வால் கடற்கரைப் பக்கம் போனால், உயிர்காப்பாளர்கள் அன்றன்றைக்குக் கடல் ஏற்றம் வற்றம் எத்தனை மணிக்கு என்று பலகையில் எழுதி வைத்திருப்பார்கள், சிவப்பும் மஞ்சளுமான கொடிகளுக்கு நடுவில்தான் குளிக்கலாம். அந்த ஒழுங்கு எனக்குப் பிடிக்கும். ஆனால் அங்கே டிக்கெட் போடுவது எல்லாம் திரையில் நாமே தட்டிக்கொள்வது. அம்மாவுக்கு முட்டி வலி என்று சொல்ல அதில் ஒரு கட்டம்கூடக் கிடையாது. சொன்னால் காது கொடுத்துக் கேட்க ஆள் இருக்கும் என்று நம்பித்தான் ஊரில் வந்து ஏற்பாடு செய்கிறோம்.

அப்படி ஒரு ஆள் கிடைத்தார். எம்.சி. ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், ஜெராக்ஸ் கடை அளவுக்கு ஒரு டிக்கெட் கடை. பெரியவர் அந்தக் காலத்தில் நன்கவுரி கப்பலில் துணி மூட்டையோடு போர்ட் பிளேருக்குப் போய் வியாபாரம் பண்ணியவராம், மூன்று நாள் கடல். பட்ஜெட் என்ன என்று அவர் கேட்கவே இல்லை. "அம்மா படி ஏறுவாங்களாம்மா? புள்ளைங்களுக்கு நீச்சல் தெரியுமா?" இதுதான் முதல் கேள்வி. நாங்கள் போகும் தேதிகளுக்குக் கடல் ஏற்ற இறக்கம் என்ன என்று போனில் பார்த்து, ஒரு நோட்டில் நீலப் பேனாவால் ‘ஏத்தம்’, ‘வத்தம்’ என்று இரண்டு வரிசை போட்டார். அது நாளுக்கு நாள் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப் போகும், அதனால் எல்லாருக்கும் ஒரே நேரம் அச்சடித்த திட்டம் எந்த நாளுக்கும் பொருந்தாது என்றார்.

அப்புறம் கடற்கரைகளை ஒவ்வொன்றாகக் கழித்தார். எலிஃபண்ட் பீச்சுக்குக் காட்டு வழியில் நடக்க வேண்டும், இல்லையென்றால் சின்னப் படகில் ஏறி இறங்க வேண்டும், அம்மாவுக்கு வேண்டாம். காலாபத்தர் கிழக்குப் பக்கம், விடியலில் பார்க்க அழகு, காலடியில் கல், குளிக்க ஆகாது. வண்டூரில் முதலை நடமாட்டம், தண்ணீரில் இறங்கும் பேச்சே கூடாது. நீல் தீவில் லட்சுமண்பூர் பாறைப் பாலத்தை வத்தத்தில்தான் பார்க்க முடியும், வழுக்கும் பாறை, பிள்ளைகளும் அப்பாவும் போகட்டும். பரத்பூர் படகுத்துறை பக்கத்திலேயே இருக்கிறது, ஆழமும் இல்லை, ஆனால் வத்தத்தில் போனால் பவளப்பாறை காலைக் கிழிக்கும், ஏத்தத்தில் போக வேண்டும். ஒரே தீவு, ஒரே நாள், ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டையும் வைத்தார். படகு டிக்கெட்டில் ஹாவ்லாக்குக்கு ஸ்வராஜ் தீப், நீலுக்கு ஷஹீத் தீப் என்று 2018இல் வைத்த பேர்தான் இருக்கும், வேறு ஊர் என்று பதறாதே என்றும் சொல்லி வைத்தார்.

ராதாநகருக்குக் காலைப் படகு. 3 மணிக்கெல்லாம் மணலில் உட்கார்ந்துவிட்டோம். 2004இல் டைம் பத்திரிகை ஆசியாவின் சிறந்த கடற்கரை என்று எழுதியது இதைத்தான், அந்தப் பெருமையெல்லாம் எனக்கு அப்போது ஞாபகமே இல்லை. மெல்லச் சரியும் வெள்ளை மணல், மேற்கே திறந்த கடல். அம்மா புடவையை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு அலையில் காலை நீட்டினார், எழுந்திருக்கச் சொன்னால் எழவில்லை. இருட்டி நாங்கள் கிளம்பும்போதுதான் சில வேன்கள் வந்து நின்றன. கையில் கேமராவோடு இறங்கியவர்களைப் பார்க்க வயிறு எரிந்தது, அவர்களுக்கும் யாரோ 6 மணி என்று எழுதிக் கொடுத்திருப்பார்கள்.

பெரிய டிராவல்ஸிடம் கட்டிய முன்பணத்தில் பாதிதான் திரும்பி வந்தது. மீதியை கேன்சலேஷன் என்று பிடித்துக்கொண்டார்கள். தப்பான நேரத்தைப் போட்டது அவர்கள், காசு போனது எனக்கு. இங்கிலாந்தில் என்றால் விட்டிருக்க மாட்டேன், இங்கே யாரிடம் போய்க் கேட்பது?

போகிறவர்கள் பணம் கட்டும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: நாங்கள் போகும் தேதியில் சூரியன் எத்தனை மணிக்கு மறையும்? பதில் தெரியாத கடையில் உட்கார வேண்டாம். பெரியவர் அடுத்த தடவைக்கு லிட்டில் அந்தமான் தீவின் பட்லர் பே கடற்கரைக்குப் போகச் சொல்லியிருக்கிறார். கப்பல் நேரம் மாறும், கையில் ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொண்டு லீவு போடச் சொன்னார்.