தில்லைநகரில் முழங்கால் வைத்தியம்: எடை இறங்குகிறது, தொடை?

முழங்கால் தேய்மானத்தோடு இருக்கும் அப்பா அம்மாவைக் காட்ட லீவில் திருச்சிக்கு வருகிறவர்கள் முதலில் போய் நிற்பது தில்லைநகரில்தான். எலும்பு மருத்துவர், ஸ்கேன் சென்டர், பிசியோதெரபி, டயட் கிளினிக் எல்லாம் குறுக்குத் தெருக்களிலேயே இருக்கின்றன. வெளிநாட்டில் வாரக்கணக்கில் காத்துக் கிடக்கிற அப்பாயின்ட்மென்ட் இங்கே பெரும்பாலும் ஓரிரு நாளில் கிடைத்துவிடும். வேகத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் எலும்பு மருத்துவர் "எடையைக் குறைங்கம்மா" என்று அனுப்ப, டயட் கிளினிக் எடையைக் குறைக்க, தொடைத் தசை எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதை யாரும் பார்க்காமலே விட்டுவிடுகிறார்கள்.

ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்கால் மேல் விழும் பாரம் நாலு கிலோ குறைகிறது என்பது 2005-லேயே அளந்து சொல்லப்பட்டது. 2013-இல் வெளிவந்த ஐடியா ஆய்வு அமெரிக்காவில் 454 பேரை 18 மாதம் கவனித்தது. உணவுக் கட்டுப்பாடு மட்டும் இருந்தவர்கள் சுமார் 9 கிலோ குறைந்தார்கள். அதோடு உடற்பயிற்சியும் செய்தவர்கள் சுமார் பத்தரைக் கிலோ. எடையில் வித்தியாசம் பெரிதில்லை. ஆனால் வலி குறைந்ததிலும் நடமாட்டத்திலும் இரண்டும் செய்தவர்களே முந்தினார்கள்.

எக்ஸ்ரே எடுக்கும்போது "நின்றபடி, இரண்டு முழங்காலும்" என்று சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். படுக்க வைத்து எடுத்தால் மூட்டு இடைவெளி உண்மையைவிட அகலமாகத் தெரிந்து, தேய்மானம் குறைவாக இருப்பதுபோல் காட்டிவிடும்.

தசையை அளக்கப் பெரிய மெஷின் வேண்டாம். கைப்பிடி இல்லாத நாற்காலியைச் சுவரோரம் நகராமல் போடுங்கள். இருக்கை 43 செ.மீ. உயரம் இருக்கட்டும். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, 30 விநாடியில் எத்தனை முறை முழுசாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். 65 முதல் 69 வயதுக்குள் பெண்களுக்கு 11-க்குக் கீழே, ஆண்களுக்கு 12-க்குக் கீழே என்றால் கால் பலம் குறைவு. கையை ஊன்றி எழுந்தால் கணக்கு பூஜ்யம்தான். கெண்டைக்கால் சுற்றளவு பெண்களுக்கு 33, ஆண்களுக்கு 34 செ.மீ.க்குக் குறைந்தாலும் தசை நலிவைச் சந்தேகிக்க வேண்டும். கால் வீங்கியிருந்தாலோ உடல் பருமனாக இருந்தாலோ இந்த டேப் ஏமாற்றும். ஜிம்மிலும் டயட் கிளினிக்கிலும் நிற்க வைத்து, கொழுப்பு எவ்வளவு, தசை எவ்வளவு என்று பிரித்துக் காட்டுகிற மெஷினின் தாளை வாங்கி வையுங்கள், ஆனால் காலை வெறும் வயிற்றில், அதே மெஷினில் எடுத்தால்தான் இரண்டு தாள்களை ஒப்பிட முடியும். பேஸ்மேக்கர் வைத்தவர்களை அதில் ஏற்றக்கூடாது.

பிசியோதெரபி சென்டர்களில்தான் பணம் அதிகம் வீணாகிறது. பத்து நாள் பேக்கேஜ் என்பார்கள்: மெழுகு ஒத்தடம், கரண்ட், அல்ட்ராசவுண்ட், கடைசியில் அஞ்சு நிமிஷம் காலைத் தூக்கி இறக்குவது. மூட்டுத் தேய்மானத்துக்கு இந்த மின்சாதன சிகிச்சைகளைத் தர வேண்டாம், பயிற்சிதான் அடிப்படை என்று இங்கிலாந்தில் மருத்துவ வழிகாட்டிகளை வெளியிடும் நைஸ் அமைப்பு 2022-லேயே சொல்லிவிட்டது. சேரும் முன்பு "எந்தப் பயிற்சி, எத்தனை கிலோ, எப்போது கூட்டுவீங்க?" என்று கேளுங்கள். பதில் இல்லாவிட்டால் அடுத்த தெருவுக்குப் போகலாம். நல்ல தெரபிஸ்ட் அரைக் கிலோ மணல் பட்டையைக் கணுக்காலில் கட்டி உட்கார்ந்தபடி காலை நீட்டச் சொல்வார். 12 முறை சுலபமாக வந்தால் அரைக் கிலோ கூட்டுவார். நாற்காலியில் கெட்டியான மெத்தை போட்டு எழுந்து உட்காருவதில் தொடங்கி, பலம் வரவர மெத்தையை எடுப்பார். நாலு அங்குலப் பலகையில் ஏறி இறங்கச் சொல்வார். வாரத்தில் மூன்று நாள் போதும். செய்யும்போது பத்துக்கு ஐந்து வரை வலி இருக்கலாம். மறுநாளைக்குள் பழைய நிலைக்கு வராவிட்டால் பட்டையின் எடையைக் குறைக்க வேண்டும், பயிற்சியை நிறுத்த வேண்டியதில்லை. காலை நடை இருதயத்துக்கு நல்லது, தொடையை வளர்க்காது. பூங்காக்களில் பிரபலமான, 8 வடிவில் சுற்றும் எட்டு நடையில் வளைவு குறுகலாக இருந்தால் புண்பட்ட முழங்கால் முறுக்கிக்கொள்ளும்.

கிராமத்தில் இருப்பவர்கள் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்கலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தருவதும் உண்டு.

டயட் சார்ட்டில் புரதத்தைத் தேடிப் பாருங்கள். வயதானவர்களுக்கு ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளில் 1 முதல் 1.2 கிராம் வேண்டும், 70 கிலோ அம்மாவுக்கு 70 கிராமுக்குக் குறையாமல். மூன்று இட்லி, சாம்பார் சாதம், தயிர், இரவு இரண்டு சப்பாத்தி, இரண்டு காபி என்று போகிற நாளில் 40 கிராம் தேறினாலே அதிகம். இரண்டு முட்டை 12 கிராம். 50 கிராம் உலர்ந்த சோயா 26. ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல் எட்டு. இதைக் கூட்டும் முன் சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை பார்த்துவிடுங்கள், சிறுநீரகக் கோளாறு இருந்தால் கணக்கே வேறு. ஆட்டுக்கால் சூப் சுவைக்குச் சரி. அதிலுள்ள ஜெலட்டினில் டிரிப்டோபான் என்ற அமினோ அமிலம் இல்லாததால் தசைக்குப் பெரிதாக உதவாது.

இப்போது எல்லோரும் கேட்பது எடை குறைக்கும் ஊசி. மௌன்ஜாரோ 2025 மார்ச்சிலும் வெகோவி ஜூனிலும் இந்தியாவுக்கு வந்தன. வெகோவியில் உள்ள செமாகுளூட்டைடை முழங்கால் தேய்மானம் உள்ள பருமனானவர்களுக்கு 68 வாரம் கொடுத்துப் பார்த்ததில் எடை 13.7 சதவீதம் குறைந்தது, மருந்தில்லாத வெற்று ஊசிக்கு 3.2. வலியும் நன்றாகக் குறைந்தது. அந்த ஆய்வில் இரு தரப்புக்கும் உணவு, உடற்பயிற்சி ஆலோசனை கொடுத்தார்கள் என்பதை மருந்துக்கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள். இவ்வகை ஊசிகளில் குறைகிற எடையில் கால் பங்கிலிருந்து ஐந்தில் இரண்டு பங்கு வரை தசை உள்ளிட்ட கொழுப்பில்லா உடல்நிறையாக இருக்கலாம். பசி போனதும் அம்மாக்கள் முதலில் விடுவது பருப்பையும் முட்டையையும்தான், ரசம் சாதத்தோடு எழுந்துவிடுவார்கள். ஊசியை நிறுத்தினால் திரும்ப ஏறுவது பெரும்பாலும் கொழுப்பு. சர்க்கரைக்கு கிளிமிபிரைடோ இன்சுலினோ எடுப்பவர்களுக்குச் சர்க்கரை திடீரென இறங்கலாம். அளவை மாற்றாமல் ஊசி போடக்கூடாது. திறக்காத ஊசிப் பேனாவை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும், ஃப்ரீஸரில் வைத்தால் வீண்.

விமானம் ஏறும் முன், மணல் பட்டை, பலகை, நாற்காலி மூன்றையும் ஒரே இடத்தில் வைத்து, தெரபிஸ்டை மாதம் ஒரு தடவை வீட்டுக்கு வரும்படி பேசிவிடுங்கள். மாதாமாதம் வீடியோ காலில் எடையையும் 30 விநாடி எண்ணிக்கையையும் சேர்த்தே கேளுங்கள். எடை இறங்கி எண்ணிக்கையும் இறங்கினால் ஊசியின் அளவைக் கூட்டாமல் முதலில் சாப்பாட்டையும் பயிற்சியையும் சரிபார்க்கச் சொல்லி மருத்துவரிடம் பேசுங்கள்.