அரை மாத்திரையா, கம்மி பவர் மாத்திரையா?

அப்பாவுக்கு இதயம் பம்ப் செய்யும் திறன் குறைந்திருப்பது எக்கோவில் தெரிந்ததிலிருந்து மாத்திரை டப்பா என் பொறுப்பு. சீட்டில் ‘½-0-½’ என்று வந்தால், பெரிய பவரை உடைப்பதா, அந்த அளவிலேயே வரும் மாத்திரையை வாங்குவதா? இரண்டையும் செய்து பார்த்தாகிவிட்டது. இப்போது, கிடைக்கிறவரை கம்மி பவர்தான்.

காசைப் பார்த்தால் பெரும்பாலும் உடைப்பதுதான் லாபம். அதில் பேச்சில்லை.

உடைக்கத் தோதான மாத்திரைகளும் உண்டு. நடுக்கோடு போட்ட ஃபுரோசமைடு 40, கட்டைவிரலால் அழுத்தினாலே சுத்தமாகப் பிளக்கும். மெட்டோப்ரோலால் சக்சினேட் மெதுவாகக் கரையும் ரகம் என்பதால் தொடவே கூடாது என்று நினைத்திருந்தேன். நடுக்கோடு போட்டு, உள்ளே குருணைகளாகச் செய்த வகையைப் பாதியாக்கலாமாம். ஒவ்வொரு குருணையும் தனித்தனியே மருந்தைக் கசியவிடும். மெல்லவும் பொடிக்கவும்தான் கூடாது.

என் மனதை மாற்றியது சாக்குபிட்ரில்-வால்சார்டன் என்ற இதய மாத்திரை. 2023-ல் உள்ளூர் கம்பெனிகளின் மாத்திரைகள் வந்து விலை இறங்கிய பிறகும், 100 பவரை வாங்கி உடைத்துக்கொண்டிருந்தேன். மேலே பூச்சு, கோடு கிடையாது. கட்டரில் வைத்து அழுத்தினால் ஒரு பக்கம் பெரிதாகவும் மறுபக்கம் ஓரம் நொறுங்கியும் வரும். ஒருநாள் காலை அப்பாவுக்கு பிபி 92-க்கு இறங்கித் தலை சுற்றியது. போனில் டாக்டர் முதலில் கேட்டது, “எந்த பவர் கொடுக்கறீங்க?”

அங்கேதான் விஷயம். இந்த மருந்தைச் சின்ன அளவில் ஆரம்பித்து, இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை, பிபியையும், ரத்தத்தில் பொட்டாசியம், கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் அளவு) இரண்டையும் பார்த்துப் படிப்படியாக ஏற்றுகிறார்கள். காலையில் பெரிய துண்டும் ராத்திரி சின்னத் துண்டுமாக உள்ளே போனால், அந்த பிபி எந்த அளவு மருந்தின் கணக்கு? டாக்டர் ஏற்றுவதும் நிறுத்துவதும் நாம் உண்மையில் கொடுக்காத ஓர் அளவை நம்பித்தான். அன்றைய தலைசுற்றலுக்குத் துண்டுதான் காரணம் என்று என்னால் சொல்ல முடியாது. இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. ஐரோப்பிய மருந்துக் குறிப்பிலும் இதை உடைப்பது பரிந்துரைக்கப்படவில்லை என்றே இருக்கிறது.

கார்விடிலாலில் இந்தத் தொல்லை குறைவு. 3.125, 6.25, 12.5, 25 என்று ஒவ்வொரு படிக்கும் ஒரு மாத்திரை உண்டு. அளவு ஏறும்போது மீந்த 3.125-ஐ, டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, ஒரு வேளைக்கு இரண்டு மாத்திரையாகக் கொடுத்துத் தீர்த்தோம்.

டிகாக்சின் எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை. தேவையான அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி குறைவான மருந்து அது. வந்தால், டாக்டர் சொல்லாமல் கட்டரை எடுக்க மாட்டேன்.

கடையில் கம்மி பவர் இல்லாத நாளில் உடைத்துத்தான் ஆக வேண்டுமென்றால், முதலில் டாக்டரையோ மருந்தாளுநரையோ கேட்டுவிட்டு, ஒன்றை மட்டும் உடைத்து மறுபாதியை அடுத்த வேளைக்கே கொடுத்துவிடுங்கள். முன்பெல்லாம் நான் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஸ்டிரிப் முழுவதையும் உடைத்து டப்பாவில் போட்டுவைப்பேன். புதன்கிழமை திறந்தால் அடியில் வெள்ளைப் பொடி.