ஐந்தாம் வாரத்தில் யார் கதவைத் தட்டுவார்? கேம்பிரிட்ஜில் மாணவர் ஊழியத்தின் மூன்று வழிகள்

பிள்ளையைக் கேம்பிரிட்ஜுக்குப் படிக்க அனுப்பும் பெற்றோர் விசா, தங்குமிடம், குளிருக்கான உடை எல்லாவற்றையும் விசாரித்து முடித்தபின், கடைசியாகச் சற்றுத் தயங்கிக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "அங்க நம்ம சபை மாதிரி ஏதாவது இருக்குதா தம்பி?" இருக்கிறது என்று ஒரே சொல்லில் முடித்துவிட முடியாது, ஏனெனில் அந்த ஊரில் சபைகளுக்குப் பஞ்சமே இல்லை. அக்டோபர் தொடக்கத்தில் மிக்கேல்மஸ் என்னும் முதல் பாடப் பருவம் ஆரம்பிக்கும்போது, புதிதாக வந்திறங்கும் மாணவரை எதிர்கொள்ளக் கிறிஸ்தவத் தரப்பில் மூன்று வகையினர் காத்திருக்கிறார்கள்: மாணவர்களே நடத்தும் கிறிஸ்தவ ஐக்கியம், கல்லூரி வாசலுக்குள்ளேயே இருக்கும் சிற்றாலயமும் அதன் குருவான சாப்ளேனும், மாணவரைத் தேடிவரும் நகரத்துச் சபைகள். இவற்றில் எதன் கையில் பிள்ளையை ஒப்படைப்பது என்பதே பெற்றோரின் கேள்விக்குள் இருக்கும் உண்மையான கேள்வி.

எந்த அளவுகோலால் ஒப்பிடுகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேம்பிரிட்ஜின் பாடப் பருவம் எட்டே வாரம். அந்த எட்டில் ஐந்தாவது வாரத்துக்கு மாணவர் பேச்சில் தனிப் பெயரே உண்டு. 'ஐந்தாம் வாரச் சோர்வு' என்றால் அங்கே யாருக்கும் விளக்கம் தேவையில்லை. கட்டுரைகள் குவிந்து, பொழுது நாலரைக்கெல்லாம் இருட்டி, முதல் வாரத்தில் கிடைத்த நண்பர்களில் பாதிப் பேர் வெறும் முகங்களாகிவிடும் காலம் அது. முதல் வாரத்தில் எல்லோரும் கதவைத் தட்டுவார்கள். ஐந்தாவது வாரத்தில், இரண்டு ஞாயிறாக ஆராதனைக்கு வராத ஒரு மாணவரை யார் கவனிக்கிறார்கள் என்பதை வைத்தே நான் மூன்றையும் எடைபோடுகிறேன்.

கிறிஸ்தவ ஐக்கியத்திலிருந்து தொடங்குவோம், ஏனெனில் முதலில் வந்து நிற்பவர்கள் அவர்கள்தாம். 1877இல் உருவான கேம்பிரிட்ஜ் கல்லூரிகளிடைக் கிறிஸ்தவ ஐக்கியத்தை அதன் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து 'கிக்யூ' என்றே அழைக்கிறார்கள். சம்பளம் வாங்கும் ஊழியரை நம்பி நில்லாமல் இருபது வயதுப் பிள்ளைகளே தலைமையேற்று நடத்துவதால், மற்ற இருவருக்கும் வாய்க்காத வேகம் இவர்களுக்கு உண்டு. கல்லூரிதோறும் ஒரு சிறு குழு இருப்பதால், புதிய மாணவர் பெட்டியை இறக்கும் அன்றே மேல்மாடியில் ஓர் இரண்டாமாண்டு மாணவரோ மாணவியோ 'நான் இங்கேதான் இருக்கிறேன்' என்று சொல்ல வாய்க்கிறது. இவர்களின் பேர்போன உத்தி, பாலாடைக்கட்டி வைத்துச் சூடாக்கிய ரொட்டி. ஒரு கைபேசி எண்ணை அறிவித்துவிடுவார்கள். கடவுளைப் பற்றி எந்தக் கேள்வியை வேண்டுமானாலும் அனுப்பலாம், ரொட்டிக்குள் என்ன வைக்க வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதலாம், அறைக்கே கொண்டுவந்து தருவார்கள். மாடிப்படிக்கு ஒன்றாக இருக்கும் 'ஜிப்' என்ற குட்டிச் சமையலறையில் இரண்டு பேர் ரொட்டி வாட்ட, ஒருவர் தகரத்தாளில் சுற்ற, இன்னும் இருவர் அதைத் தூக்கிக்கொண்டு முற்றத்தின் குறுக்கே இருட்டில் ஓடுவதைப் பார்த்திருக்கிறேன். வந்த கேள்வி, 'கடவுள் நல்லவர் என்றால் என் பாட்டிக்கு ஏன் அந்த நோய்?' என்பது. ரொட்டி ஆறுவதற்குள் பதில் சொல்லி முடிக்கக்கூடிய கேள்வியா அது! கொண்டுபோனவர்களுக்கும் அது தெரிந்துதான் இருந்தது; அன்றிரவு அவர்கள் விட்டுவந்தது பதிலைவிட, படிக்கட்டில் மறுநாள் அடையாளம் கண்டு தலையசைக்க ஒரு முகத்தை.

இந்த ஐக்கியத்துக்கு அழுத்தமான கொள்கைப் பிடிப்பும் உண்டு. அதன் வரலாறு தெரியாமல் அதை எடைபோட முடியாது. 1910இல் இது மாணவர் கிறிஸ்தவ இயக்கத்திலிருந்து பிரிந்தது. 1919இல் மீண்டும் சேரலாமா என்று பேசியபோது, கிறிஸ்துவின் பாவநிவாரண இரத்தம் உங்கள் செய்தியின் மையமா என்று கிக்யூ தரப்பில் நார்மன் கிரப் கேட்க, அதை ஏற்கிறோம், ஆனால் மையமென்று சொல்ல மாட்டோம் என்ற வகையில் பதில் வந்ததால் பேச்சு அங்கேயே முறிந்தது. அந்த முறிவிலிருந்து எழுந்த ஊற்றுதான் 1928இல் பிரிட்டன் அளவிலான கூட்டமைப்பாகவும், 1947இல் உலகளாவிய ஐக்கியமாகவும் பெருகியது. நம்மூர்ப் பொறியியல் கல்லூரிகளில் 'இ.யூ.' என்று அறியப்படும் சுவிசேஷ மாணவர் குழுக்களின் தாய் அமைப்பு 1954இல் தொடங்கியதும் அதே ஓட்டத்தைச் சேர்ந்ததுதான். ஆகவே இங்கே இ.யூ.வில் வளர்ந்த ஒருவருக்குக் கிக்யூவின் ஜெபமும் வேதபாடமும் அந்நியமாகவே இராது. பொறுப்பில் இருப்பவர்களும் மேடையில் பேசுபவர்களும் குறிப்பிட்ட விசுவாச அறிக்கைக்கு உடன்பட வேண்டும் என்ற விதியால், கத்தோலிக்க மாணவர் கூட்டத்துக்கு வரலாமே தவிரத் தலைமைக்கு வருவது கடினம்.

என் குறை வேறு. புதிதாக வந்தவரையே மூன்றாவது வாரத்தில் ஊழியராக்கிவிடும் அவசரம் இவர்களிடம் இருக்கிறது. நேற்று ரொட்டி வாங்கியவர் இன்று ரொட்டி சுமக்கிறார். அடுத்து பிப்ரவரியில் நடக்கும் பெரிய சுவிசேஷக் கூட்டங்களுக்கான ஆயத்தம். இதில் உற்சாகம் பெறுபவர்கள் உண்டு, களைத்து ஒதுங்குபவர்களும் உண்டு. ஐந்தாவது வாரத்தில் கதவைத் தட்ட வேண்டியவருக்கும் அதே வாரத்தில் இரண்டு கட்டுரைகள் பாக்கி இருக்கும். பொறுப்பாளர் குழு ஆண்டுதோறும் மாறுவதால், சென்ற ஆண்டு யார் விலகிப்போனார், ஏன் போனார் என்ற நினைவும் அவர்களோடு போய்விடுகிறது. இன்னொன்று: புதுமாணவர் கண்காட்சியில் மேசை போடுவதே மாணவர் அமைப்புகளின் தயவைப் பொறுத்தது. 2017இல் ஆக்ஸ்ஃபோர்டின் பேலியல் கல்லூரியில் கிறிஸ்தவ ஐக்கியத்துக்கு அந்த இடமே மறுக்கப்பட்டு, பெரும் விவாதத்துக்குப் பின் மாணவர்களே அந்த முடிவைத் திரும்பப் பெற்றார்கள்.

கல்லூரிச் சிற்றாலயத்தின் இயல்பு இதற்கு நேர்மாறானது. ஒரு காலத்தில் மாணவர் எல்லோரும் கட்டாயம் வந்து அமர வேண்டிய இடம் அது. 1871ஆம் ஆண்டுச் சட்டம் பட்டத்துக்கான மதச் சோதனைகளை, அதாவது இங்கிலாந்துத் திருச்சபையினர் என்று உறுதிகூறும் நிபந்தனைகளை, நீக்கியபின் அந்த அதிகாரம் படிப்படியாகக் கரைந்து, இன்று அங்கே அழைப்பு மட்டுமே மிஞ்சியிருக்கிறது. சாப்ளேன் சம்பளம் பெறும் குரு; கல்லூரியின் ஆலோசகர், செவிலியர் ஆகியோரோடு மாணவர் நலனைப் பார்ப்பவர்களில் ஒருவர். எந்த நம்பிக்கையும் இல்லாத மாணவரும் அவர் அறைக்குப் போய் அழலாம். அதனாலேயே அவர் யாரையும் மனந்திருப்ப முனைவதில்லை. "சுவிசேஷமே சொல்றதில்லையாமே" என்று நம் பெற்றோர் முகம் சுளிப்பதும் இந்த இடத்தில்தான். ஆனால் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துச் சி.எஸ்.ஐ. பிள்ளைகளுக்கு இங்கே ஓர் எதிர்பாராத உறவு காத்திருக்கிறது. 1947 செப்டம்பர் 27இல் பிறந்த தென்னிந்தியத் திருச்சபையும், இந்தச் சிற்றாலயங்களில் பெரும்பாலானவற்றைப் போலவே, இங்கிலாந்துத் திருச்சபை வழிவந்த ஆங்கிலிக்கன் ஐக்கியத்தைச் சேர்ந்தது என்பதால், நற்கருணைப் பந்தியில் அவர்களுக்கு இடம் உண்டு. மாலை ஆராதனையில் பாடகர் குழு மரியாளின் பாட்டையும் சிமியோனின் பாட்டையும் எடுக்கும்போது, மொழி வேறானாலும், பாட்டி கையிலிருந்த ஜெபப் புத்தகத்தின் வரிசை அப்படியே வரும். பல நாள்களில் பாடகர்கள் சபையாரைவிட அதிகமாக இருப்பார்கள் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

சாப்ளேனிடம் நினைவு உண்டு. முந்தைய ஆண்டுகளில் உடைந்துபோனவர்களை அவர் அறிவார். ஆனால் அவர் காத்திருப்பவர். தானாக எழுந்துபோய்க் கதவைத் தட்ட ஐந்தாம் வாரத்து மாணவருக்குத் தெம்பு இருந்தால் இந்த ஏற்பாட்டுக்கு நிகரில்லை. தெம்பு இல்லாதவருக்கு அது பூட்டாத கதவாக மட்டும் நிற்கும். கத்தோலிக்கருக்கு நிலைமை சற்று மேல். ஆக்ஸ்ஃபோர்டிலும் கேம்பிரிட்ஜிலும் கத்தோலிக்கர் படிக்கத் தடையாக இருந்த சபைக் கட்டுப்பாடு 1895இல் நீங்கியபின் உருவான மாணவர் பணியின் வீடு ஃபிஷர் ஹவுஸ். திருப்பலியும் சாப்பாடும் ஒரே கூரையின்கீழ் அமைவதால், சாப்ளேனின் நிதானமும் ஐக்கியத்தின் நெருக்கமும் அங்கே ஓரளவு சேர்ந்தே கிடைக்கின்றன.

இனி நகரத்துச் சபைகள். இந்த வழியின் முன்னோடி ஹோலி டிரினிட்டி ஆலயத்தில் 1782 முதல் 1836இல் இறக்கும்வரை ஆயராக இருந்த சார்லஸ் சிமியோன். அவர் பொறுப்பேற்றபோது பிடிக்காத சபையார் தங்கள் இருக்கைகளைப் பூட்டிவிட்டுப் போனார்கள். ஆலயத்துக்கு வந்தவர்கள் நடைபாதையில் நின்று கேட்டார்கள். பிற்காலத்தில் வெள்ளிக்கிழமை மாலைகளில் மாணவரைத் தம் அறைக்கு அழைத்துத் தேநீர் கொடுத்து, கேட்பவர் கேள்விக்கெல்லாம் பதில் சொன்னார். ரொட்டி உத்தி புதிது என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்கலாம்! அவரிடம் உதவிக் குருவாக இருந்த ஹென்றி மார்ட்டின் 1806இல் வங்காளம் வந்து சேர்ந்தார் என்பதால், அந்தத் தேநீருக்கும் நம் நாட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. இன்று அந்த ஆலயத்தோடு, கிறைஸ்ட்ஸ் கல்லூரிக்கு எதிரே உள்ள செயின்ட் ஆண்ட்ரு தி கிரேட், ஈடன் பாப்டிஸ்ட் போன்றவையும் மாணவரை வரவேற்கின்றன. முதல் மூன்று ஞாயிறுகள் மாணவர்கள் ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்துச் சபை தேர்ந்தெடுக்கும் காலம். அதற்கேற்பச் சபைகளில் மதிய உணவும் நடக்கும். கடைவீதியில் துணி பார்ப்பதுபோல் சபை பார்ப்பது எனக்கு உவப்பாக இல்லை. ஆயினும் வயிறு நிறைந்த மாணவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

மாணவரே நிரம்பி வழியும் பெரிய சபை, சொல்லப்போனால், ஆலயக் கட்டிடத்துக்குள் நடக்கும் இன்னொரு ஐக்கியம்தான். எட்டு வாரம் மூன்று பருவம் என்று ஆண்டில் இருபத்துநான்கு வாரமே ஊரில் இருக்கும் கூட்டம் அது. அதிகம் பேசப்படாத, கிழவிகளும் கைக்குழந்தைகளும் கலந்த சாதாரணச் சபைகளைத்தான் நான் முன்னே வைப்பேன். அங்கே ஒரே இருக்கையில் மூன்று ஞாயிறு உட்கார்ந்தால் போதும். நான்காவது ஞாயிறு வராவிட்டால் பக்கத்து இருக்கைக்காரர் கவனித்துவிடுவார்.

ஐந்தாம் வாரத்தைவிடக் கடுமையான சோதனை ஒன்று நம் பிள்ளைகளுக்கு மட்டும் டிசம்பரில் வருகிறது. மாதத் தொடக்கத்தில் பருவம் முடிந்ததும் உள்ளூர் மாணவர் வீட்டுக்குப் போய்விடுவார்கள்; ஐக்கியத்தின் குழுக்கள் கலையும், பெரும்பாலான சிற்றாலயங்களில் விளக்கணையும். கிங்ஸ் கல்லூரியில் 1918 முதல் நடந்துவரும் கிறிஸ்துமஸ் முந்தைய நாள் கீத ஆராதனைக்கு இடம் கிடைத்தால் போகலாம், ஆனால் மறுநாள் மதியம் யார் வீட்டில் சாப்பிடுவது? முதுகலை படிக்க வந்தவர்கள் விமானக் கட்டணத்துக்கு அஞ்சி அங்கேயே தங்கும் அந்த ஏறக்குறைய ஆறு வாரங்களில், ஊரோடு ஊராக இருக்கும் சபைக் குடும்பங்களே எஞ்சுகின்றன.

ஆகவே என்னைக் கேட்கும் பெற்றோரிடம் இப்படித்தான் சொல்கிறேன்: முதல் இரண்டு வாரம் கல்லூரியின் ஐக்கியக் குழுவோடு பழகட்டும், ரொட்டியும் சாப்பிடட்டும், ஞாயிறு மாலை சிற்றாலயத்துக்குப் போய்ச் சாப்ளேனுக்கு முகம் தெரியவைக்கட்டும், காலை ஆராதனைக்கு மட்டும் கல்லூரியிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் ஒரு சின்னச் சபையைப் பிடித்துக்கொள்ளட்டும். அந்தச் சபையின் ஆயருக்கு, செப்டம்பரிலேயே உங்கள் ஊர் ஆயரிடம் ஓர் அறிமுகக் கடிதம் எழுதி வாங்குங்கள். பிள்ளையின் பெயர், கல்லூரி, வந்துசேரும் தேதி, கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வரவில்லை என்ற தகவல் ஆகிய நான்கும் அதில் இருந்தால் போதும்.