40 வீட்டுக்கு ஒரே ஃபைபர் லைன்: மூன்று வருடம் ஓட்டிப் பார்த்ததில் தெரிந்தது

எங்கள் குடியிருப்பில் 40 வீடுகள். ஆளுக்கொரு கனெக்‌ஷன் வைத்துக்கொண்டு, ஆளுக்கொரு பக்கம் கஸ்டமர் கேரோடு மல்லுக்கட்டிக் கொண்டிருந்தோம். மூன்று வருடத்துக்கு முன்னால் எல்லாரும் சேர்ந்து 1 ஜிபிபிஎஸ் (அதாவது 1000 எம்பிபிஎஸ், நொடிக்கு ஆயிரம் மெகாபிட்) ஃபைபர் லைன் ஒன்றை எடுத்து வீடு வீடாகப் பிரித்துக்கொண்டோம். பராமரிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. கம்ப்யூட்டர் தெரிந்தவன் என்று ஒருமுறை பெயர் வாங்கிவிட்டால் அவ்வளவுதான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாதாரண வீட்டு பிளானை வாங்கிப் பக்கத்து வீடுகளுக்குப் பிரித்துக் கொடுப்பதைப் பல நிறுவனங்களின் ஒப்பந்தம் அனுமதிக்காது. பகிர்ந்துகொள்ளலாம் என்று எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகுதான் நாங்கள் இறங்கினோம். இதை விட்டுவிட்டு மற்றதெல்லாம் செய்து பிரயோஜனமில்லை.

ஆரம்பத்தில் எல்லாரும் கேட்டது ஒரே கணக்கு: ஆயிரத்தை நாற்பதால் வகுத்தால் 25, இதுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்? ஆனால் இணையம் அப்படிப் பங்கு போட்டு ஓடுவதில்லை. நல்ல தரமான வீடியோ காலுக்கு 3, 4 எம்பிபிஎஸ் போதும். 4கே படத்துக்கு 15லிருந்து 25க்குள் அடங்கிவிடும். ஒரு பக்கம் திறந்ததும் ஒரு நொடி பாயும், அப்புறம் அதை நீங்கள் படித்து முடிக்கும்வரை லைன் சும்மாதான் கிடக்கும். ராத்திரி எல்லார் வீட்டிலும் டிவி ஓடும் நேரத்தில்கூட எங்கள் மொத்த உபயோகம் 200 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டி நின்றதாக எனக்கு நினைவில்லை.

அப்படியானால் முதல் இரண்டு மாதம் ஏன் அத்தனை புகார்?

பாதிக்கு மேல் வைஃபை புகார். ஆளாளுக்கு வீட்டின் கடைக்கோடியில் ரவுட்டரை வைத்துவிட்டு, மூன்று சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து ஸ்பீட் டெஸ்ட் ஓட்டி ஸ்க்ரீன்ஷாட் அனுப்புவார்கள். வைஃபை ஓடும் அலைவரிசைகளில் ஒன்றான 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாமல் வைக்கக்கூடிய சேனல்கள் மூன்றுதான்: 1, 6, 11. 40 ரவுட்டர்கள் மூன்று சேனலில் நின்று கத்தினால் யார் பேசுவது யாருக்குக் கேட்கும்? இன்னொரு அலைவரிசையான 5 கிகாஹெர்ட்ஸில் இடம் தாராளம், ஆனால் சுவர் என்றால் அதற்கு ஆகாது. அந்த ஆகாமையே அடுக்ககத்தில் நமக்கு லாபம், பக்கத்து வீட்டுச் சத்தம் உள்ளே வருவதில்லை. அசையாமல் ஓரிடத்தில் இருக்கும் டிவி, மேசைக் கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் கேபிளில் மாட்டச் சொன்னோம். ரவுட்டரின் சிக்னல் வலுவைக் கூட்டாமல் குறைக்கச் சொன்னபோதுதான் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்கள். குறைத்த வீடுகளில் புகார் நின்றது. பெரிய லைன் வாங்குவது ஒருநாள் வேலை, அந்தக் கடைசிப் பத்து மீட்டரைச் சரிசெய்ய எங்களுக்கு நாலு மாதம் ஆயிற்று.

மீதிப் புகார்கள் வேறு ரகம். ஸ்பீட் டெஸ்ட்டில் எண் பிரமாதமாக இருக்கும், வீடியோ கால் மட்டும் திக்கித் திணறும், அதுவும் குறிப்பாகச் சாயங்காலத்தில். தேடிப் பார்த்தால் யாரோ ஒருவர் வீட்டில் போட்டோ, வீடியோ எல்லாம் மொத்தமாக பேக்கப் ஏறிக்கொண்டிருக்கும். எங்கள் லைனில் டவுன்லோடு ஆயிரம் என்றாலும் அப்லோடு 200தான். அந்த 200 நிரம்பியதும், அனுப்ப முடியாத பாக்கெட்டுகளையெல்லாம் (தகவல் போகும் சின்னத் துண்டுகள்) கருவி கீழே போடாமல் தன் நினைவகத்தில் வரிசையாக நிற்க வைக்கிறது. அந்த வரிசைக்குப் பின்னால்தான் உங்கள் குரலும் நிற்க வேண்டும். 10 மில்லிசெகண்ட் இருந்த பிங், அதாவது ஒரு பாக்கெட் போய்த் திரும்பும் நேரம், 300க்குப் போகும். இதற்கு பஃபர்ப்ளோட் என்று பெயர், 2010 வாக்கில் ஜிம் கெட்டிஸ் என்ற பொறியாளர் இதை விடாமல் எழுதிப் பேசி எல்லார் கண்ணிலும் படவைத்தார். கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் 2012இல் கோடெல் என்றொரு தீர்வை வெளியிட்டார்கள். அதிலிருந்து வளர்ந்த எஃப்க்யூ-கோடெல் இப்போது ஓபன்டபிள்யூஆர்டி என்ற இலவச ரவுட்டர் மென்பொருளிலேயே இருக்கிறது. பெரிய வரிசையைத் தனித்தனி வரிசைகளாகப் பிரித்துவிடும், அதனால் ஒருவருடைய பேக்கப் இன்னொருவருடைய பேச்சை மறிக்காது.

நாங்கள் செய்தது இதுதான்: அப்லோடை 180லும் டவுன்லோடை 900த்திலும் நாங்களே கட்டுப்படுத்தினோம். அப்போதுதான் வரிசை நிறுவனத்தின் கருவியில் சேராமல் எங்கள் ரவுட்டரில் நிற்கும், நிற்பதை நாம் ஒழுங்குபடுத்தலாம். வேகத்தில் பத்து சதவீதத்தை வேண்டுமென்றே விட்டுக்கொடுத்த அன்றிலிருந்து "நெட் ஸ்லோ" என்ற மெசேஜ் அநேகமாக நின்றே போனது. ஒரு எச்சரிக்கை, இந்த வேலையை இத்தனை வேகத்தில் செய்ய மலிவான ரவுட்டரின் பிராசசர் திணறும். எங்களுடையது திணறியது. அப்புறம் யாரோ பரணில் போட்டிருந்த பழைய சின்ன கம்ப்யூட்டரில் இரண்டாவது நெட்வொர்க் கார்டு சொருகி அதையே ரவுட்டராக்கினோம், இன்றுவரை அதுதான் ஓடுகிறது.

நான் செய்த பெரிய முட்டாள்தனம் வேறு. அவசரத்தில் 40 வீட்டையும் ஒரே நெட்வொர்க்கில் போட்டுவிட்டேன். இரண்டாவது வாரம், மேல்மாடிப் பையன் தன் போனிலிருந்து டிவிக்கு அனுப்பிய கேம் வீடியோ கீழ்வீட்டு டிவியில் அலறியிருக்கிறது. அந்த வீட்டுப் பெரியவர் மறுநாள் என்னைப் பிடித்து, "தம்பி, என் டிவி யார் பேச்சைக் கேக்குது?" என்றார். சிரித்தோம்தான். ஆனால் டிவி தெரிந்தால் பிரிண்டரும் தெரியும், கதவுக் கேமராவும் தெரியும், அதில் பாதிக் கேமராக்கள் பெட்டியோடு வந்த பாஸ்வேர்டிலேயே கிடந்தன. அன்று ராத்திரியே உட்கார்ந்து ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனி வீலேன் போட்டேன், அதாவது கேபிளும் ஸ்விட்சும் பொது, ஆனால் ஒரு வீட்டுக் கருவி இன்னொரு வீட்டுக் கருவியைப் பார்க்க முடியாது. இதை முதல் நாளே செய்யாமல் யாரும் தொடங்காதீர்கள்.

அடுத்து வந்தது தொழில்நுட்பச் சிக்கல் அல்ல. "யார் வீட்டில் ரொம்ப இழுக்கிறார்கள் என்று லிஸ்ட் போடலாமே" என்று ஒரு கூட்டத்தில் பேச்சு எழுந்தது. போட முடியும். எந்த வீட்டிலிருந்து எந்தத் தளத்துக்குப் போனார்கள் என்றுகூட ஓரளவு எடுக்கலாம். நான் முடியாது என்று சொல்லிவிட்டேன், அந்த அதிகாரம் பக்கத்து வீட்டுக்காரன் கையில் இருக்கக் கூடாது, அந்தப் பக்கத்து வீட்டுக்காரன் நானே என்றாலும். மொத்த உபயோக வரைபடம் மட்டும் வைத்திருக்கிறோம், வீடுவாரிப் பதிவு கிடையாது. பத்து மணிக்கு மேல் பிள்ளைகளுக்கு நெட்டை நிறுத்தச் சொல்லியும் கேட்டார்கள். அது அவரவர் வீட்டு ரவுட்டரில் அவரவர் பார்த்துக்கொள்ள வேண்டியது.

சரி, இத்தனை வேகத்தால் என்ன நடந்தது? தனித்தனி வீடுகளில் பெரிதாக எதுவும் மாறவில்லை, படம் கொஞ்சம் தெளிவாக வந்தது, அவ்வளவே. மாறியது பொது அறை. தூசி படிந்து கிடந்த அந்த அறையில் கேபிள் போட்டு, நல்ல வெளிச்சமும் ஒரு வெப்கேமும் வைத்து, கதவை மூடிக்கொள்ளும்படி ஒரு மூலையைத் தடுத்தோம். வேலைக்கான நேர்காணல், ஆன்லைன் தேர்வு, டாக்டரிடம் வீடியோ ஆலோசனை என்று வீட்டில் இடமில்லாதவர்கள் நேரம் எழுதிவைத்துவிட்டு வருகிறார்கள். சனிக்கிழமை காலையில் பெரியவர்கள் கூடும் நேரத்தில், மோசடி மெசேஜ் ஒன்றைத் திரையில் போட்டு எங்கே பிடிபடுகிறது என்று அலசுவோம். ஓடிபியை யாருக்கும் சொல்லக் கூடாது என்று நாங்கள் பத்துத் தடவை சொன்னபோது தலையாட்டிவிட்டுப் போனவர்கள், ஒருமுறை அவர்களே மோசடிக்காரராக நடித்துப் பார்த்த பிறகுதான் உஷாரானார்கள்.

அதே அறையில் ஒரு சின்ன சர்வரும் ஓடுகிறது. கிவிக்ஸ் என்ற இலவச மென்பொருள் வழியாக விக்கிப்பீடியாவின் முழுப் பிரதி ஒன்றை அதில் இறக்கி வைத்திருக்கிறோம், நெட் இல்லாவிட்டாலும் திறக்கும். நெட் இல்லாத நாளும் வரத்தான் செய்தது. பாதுகாப்புக்காக இன்னொரு நிறுவனத்தின் லைனையும் எடுத்திருந்தோம். தெருவில் தோண்டியபோது இரண்டும் ஒன்றாகப் போய்விட்டன. கம்பெனி இரண்டு, குழி ஒன்று! இப்போது இரண்டாவது, மொபைல் நெட்வொர்க்கில் ஓடும் கனெக்‌ஷன். கரண்ட் போனால் வீட்டு ரவுட்டருக்கு ஒரு சின்ன யூபிஎஸ் மட்டும் இருந்தால் போதாது, பொது ரவுட்டருக்கும் ஸ்விட்சுகளுக்கும் வேண்டும்.

இன்னொரு பலவீனம் நானேதான். ஒருமுறை ஊரில் இல்லாத பத்து நாளில் லைன் படுத்துவிட்டது, பாஸ்வேர்டு என் தலைக்குள் இருந்தது. திரும்பி வந்ததும் எது எங்கே செருகியிருக்கிறது என்று கையால் படம் வரைந்து, பாஸ்வேர்டுகளை எழுதி உறையில் போட்டு ஒட்டி, இரண்டு பேரை உட்கார வைத்துப் பழக்கினேன். ஸ்பெயினின் காடலோனியாவில் 2004இல் தொடங்கிய குய்ஃபி.நெட் என்ற மக்கள் நெட்வொர்க், இங்கிலாந்தின் கிராமப்புறத்தில் ஊர்க்காரர்களே குழி தோண்டி ஃபைபர் பதித்த பிஃபோர்ஆர்என் இரண்டையும் பற்றிப் படித்தபோது என் கண்ணில் பட்டது கேபிள் சமாச்சாரம் அல்ல, யாருக்கு என்ன பொறுப்பு என்று அவர்கள் எழுதி வைத்திருந்ததுதான். நாங்கள் அதை இரண்டு வருடம் தாமதமாகச் செய்தோம்.

அடுத்த மாதம் ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டும். 500 எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிட்டு, மிச்சமாகும் பணத்தில் மாடிப்படி வழியாகப் போகும் பழைய கேபிள்களை மாற்றலாம் என்று நான் சொல்லியிருக்கிறேன். குறைத்தால் ஸ்லோவாகிவிடும் என்று மூன்று வீட்டார் ஒற்றைக்காலில் நிற்கிறார்கள். போன வாரம் அவர்களிடம் சொல்லாமல் 500க்குக் குறைத்து வைத்துவிட்டேன், இதுவரை ஒரு போனும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் சொல்லப்போகிறேன், என்ன திட்டு கிடைக்கும் என்று தெரியவில்லை.